வனராணிக்கு வந்த குரல்

ஜவ்வாது மலையில் ரோபோ இல்லையே என்று அதுவரை யாரும் ஏங்கிக் கிடந்ததாகத் தகவல் இல்லை. பொழுது சாய்ந்தால் பஸ் இல்லையே என்று ஏங்கினார்கள். பிரசவ வலி வந்தவளை டோலி கட்டித் தூக்க வேண்டியிருக்கிறதே என்று ஏங்கினார்கள். சாமைக்கு விலை இல்லையே என்று ஏங்கி ஏங்கி, கடைசியில் அந்த ஏக்கத்தையும் விட்டுவிட்டார்கள். இவற்றையெல்லாம் ஆழ்ந்து ஆராய்ந்த 'மலைப்பகுதி எந்திர நல்வாழ்வு வாரியம்', மக்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது ரோபோதான் என்ற முடிவுக்கு வந்தது. இப்படி ஒரு வாரியம் இருப்பதே மலையில் பலருக்குத் தெரியாது. மலை இருப்பது வாரியத்துக்கும் சமீபத்தில்தான் தெரிந்தது. ஆகவே இதில் ஒருவரையொருவர் குறை சொல்ல இடமில்லை.

ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பின்னால் 'எந்திர மனு மையம்' என்று ஒரு கட்டடம் எழும்பியது. இனிமேல் மலைக்காரர்கள் சான்றிதழுக்கும் உதவிக்கும் பல அலுவலகங்களுக்கு அலைய வேண்டாம், இந்த ஒரே இடத்துக்கு அலைந்தால் போதும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மற்ற வாசல்கள் எல்லாவற்றையும் மனுக்களுக்கு மூடியும் விட்டார்கள்.

வாரியத்தின் உத்தரவில், 'அனைத்து வகை ரோபோக்களும் மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப்பட வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. மையத்துக்குப் பொறுப்பாக வந்த துணை இயக்குநர் அருள்மணி, உத்தரவில் கால்புள்ளியைக்கூட மீறாத மனிதர். வகைக்கு ஒன்றாக வாங்கி இறக்கிவிட்டார்.

ஏதோ ஒரு கார் தொழிற்சாலையில் கதவு மாட்டிக்கொண்டிருந்த பெரிய இரும்புக் கை ஒன்று வந்தது. மலையில் கார் செய்பவர் யாரும் இல்லாததால், அதை வரவேற்புக்குப் போட்டார்கள். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது அதன் பணி. கார்க் கதவின் உயரம் மட்டுமே அதற்குத் தெரியும் என்பதால், விருந்தினர்கள் அந்த உயரத்துக்குக் குனிந்து நின்றார்கள். போர்த்தி முடித்ததும் பழக்க தோஷத்தில் தோளைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிப் பார்க்கும். திறப்பு விழாவில் அந்த முறுக்கை வாங்கிய பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள்.

தரை கூட்டும் ரோபோ வட்டமாக, தட்டுபோல இருந்தது. மலைச் செம்மண் வாயில் போனால் அதற்கு மூச்சு முட்டிவிடும். அதனால் கூட்டுகிற செந்தாமரை முதலில் நன்றாகக் கூட்டி முடித்த பிறகுதான் அதை இறக்கிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்காகச் செந்தாமரையின் பதவிக்கு 'முன்சுத்தப் பணியாளர்' என்று பெயர் மாற்றினார்கள். சம்பளத்தில் கைவைக்கவில்லை. கூட்டவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பறக்கும் ரோபோவைப் புளியமரம் எண்ணுவதற்கு அனுப்பினார்கள். அது நேராகப் போய்ப் பாறையில் இருந்த தேனடையில் மோதியது. எத்தனை புளியமரம் என்று தெரியவில்லை. எத்தனை தேனீ என்று கீழே நின்று அதைப் படம் எடுத்த புகைப்படக்காரருக்குத் தெரிந்தது. நீருக்கடியில் நீந்தும் ரோபோ ஒன்றும் உண்டு. ஓடை வற்றிக் கிடந்ததால், அதை மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியில் விட்டுத் தொடங்கிவைத்தார்கள். 'பணியில் உள்ளது' என்று ஒருமுறை பதிவாகிவிட்டதை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இன்றைக்கும் அது தொட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊழியர்கள் குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவி வனராணி. மனித உருவ ரோபோ. பச்சைப் பட்டுப்புடவை, கண்ணை மூடித் திறக்கும், வாய் அசைக்கும். மனுக்களைக் கேட்டுப் பதில் சொல்வது அவள்தான்.

எந்திரங்களைப் பராமரிக்க வந்த பொறியாளர் சதீஸ்குமார், ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தான்.

"ரோபோன்னா சும்மா மெஷின் கெடையாது. சுத்தி நடக்கறத அது உணரணும். உணர்ந்தத வெச்சி முடிவெடுக்கணும். முடிவெடுத்தத தானா செய்யணும். இந்த மூணும் இருந்தாதான் ரோபோ."

"அப்ப கிரைண்டரு?" என்று செந்தாமரை கேட்டாள்.

"அது செய்யும். ஆனா உணராது, முடிவும் எடுக்காது. அதனால ரோபோ இல்ல."

"நம்ம சாருக்கு இந்த மூணுல எத்தினி கீது?"

சதீஸ்குமார் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று வகுப்பை முடித்துக்கொண்டான்.

வனராணிக்கு முதலில் சென்னைக் குரல் போட்டிருந்தார்கள். அந்தக் குரல் பேச ஆரம்பித்ததும் மலைக்காரர்கள் ரேடியோவில் செய்தி வாசிக்கிறார்கள் என்று நினைத்து, முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உள்ளூர்க் குரல்தான் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பெண் குரலுக்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்த கோபாலின் குரல் சதீஸ்குமார் காதில் விழுந்தது இந்த நேரத்தில்தான்.

கோபாலைப் பற்றி ஊரில் ஒரே அபிப்பிராயம். பொய் சொல்லத் தெரியாதவன். வரப்புத் தகராறா, கல்யாணப் பேச்சா, கோபால் வந்து ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு தரப்பும் வாயை மூடிக்கொள்ளும். அவனை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து அந்தக் குரலைத்தான் நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். 'வாங்க, ஒக்காருங்க, இன்னா சமாச்சாரம் சொல்லுங்க' என்று சொன்னான். 'ஒங்க மனு முடிஞ்சிப் போச்சி, கவலப்படாம போய்ட்டு வாங்க' என்றும் சொன்னான். பட்டுப்புடவை கட்டிய பொம்மைக்கு ஆம்பிளைக் குரல் எப்படி என்று அவனுக்கு உறைத்தது. பெரிய படிப்பு படித்தவர்கள் யோசிக்காமலா செய்வார்கள் என்று விட்டுவிட்டான். இந்தக் கதையில் எல்லாக் கேடும் இந்த ஒரு நினைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

குரல் கொடுத்தவனுக்கு அங்கேயே வேலையும் கொடுத்தார்கள். 'எந்திரத் துணைவர், தற்காலிகம்'. வனராணியைத் துடைப்பது, புடவை மடிப்பைச் சரிசெய்வது, உள்ளே வரும் ஆடுகளை விரட்டுவது. நன்றாக நடந்துகொண்டால் நிரந்தரமாக்குவதாக அருள்மணி சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. கூடத்துக்குள் கோபால் வாயைத் திறக்கக்கூடாது. அந்தக் குரல் காதில் விழுந்தால், தானே பேசுவதாக நினைத்து வனராணி வாயை அசைக்கும். எதிரில் இருப்பவர் பேச்சு அதற்குக் கேட்காது. ஆகவே தன்னுடைய குரல் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருக்கிற கூடத்தில், கோபால் ஊமையாக நின்றான்.

இங்கே மலை வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒருவரிடம் ஒன்று கேட்கப் போனால், கேட்க வந்ததை எடுத்த எடுப்பில் கேட்கக்கூடாது. அது மூஞ்சியில் அடிப்பதுபோல. சௌக்கியமா, ஆடு குட்டி போட்டுச்சா, மழை எப்படி, பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா என்று வரிசையாக விசாரிக்க வேண்டும். எழுந்து, கிளம்பி, வாசல்வரை போய், அங்கே திரும்பி நின்று 'அப்புறம் ஒரு விஷயம்' என்று சொல்வதுதான் வந்த விஷயம்.

வனராணியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாது. ஒருவர் முதலில் கேட்பதுதான் அவருடைய மனு என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் "சௌக்கியமா தாயீ?" என்பார்கள். வனராணி "சௌக்கியம்" என்று பதில் சொல்லும். மனு வந்தது, பதில் போனது, மனுதாரர் முகத்தில் சிரிப்பு தெரிந்தது, மனு முடிந்தது. "ஒங்க மனு முடிஞ்சிப் போச்சி, கவலப்படாம போய்ட்டு வாங்க" என்று கோபாலின் குரலில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடும். வாசலில் திரும்பி நின்று 'அப்புறம் ஒரு விஷயம்' என்று சொல்ல நினைத்தவர்கள்கூட, கேட்பதற்கு முன்னாலேயே முடித்துக்கொடுத்துவிட்டதே என்று மலைத்துப்போய்க் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சொன்னது கோபால் குரலாயிற்றே.

வந்த மனு அத்தனையும் அன்றன்றே முடிந்த ஒரே மையம் என்று ஜமுனாமரத்தூர் புகழ் பெற்றது. அருள்மணியின் மேசைமேல் பாராட்டுக் கேடயங்கள் சேர்ந்தன. வனராணியின் பின்பக்கத் திரையில் 'நலம் விசாரித்தல், நிறைவு' என்று வரிசையாக ஓடுவதைக் கோபால் பார்க்காமல் இல்லை. பத்தாவதுவரை படித்தவன்தான். இது ஏதோ முன்னுரை, நிஜமான வேலை உள்ளே வேறெங்கோ நடக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் ஆகாத நேரத்தில் புடவை மடிப்பைச் சரிசெய்தான்.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் குப்பம்மாள் வந்தாள். கோபாலின் வீட்டுக்கு மேல்வீடு, முறைக்கு அத்தை. அவள் மகள் சிவசங்கரி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி நர்சிங் படிப்புக்குப் போட்டிருந்தாள். கலந்தாய்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது கையில் இருந்தால் சீட்டு. இல்லையென்றால் இல்லை. அந்த மலைப்பக்கத்தில் ஊசி போட ஆள் தேடி எத்தனை பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்பது குப்பம்மாளுக்குத் தெரியும். புருஷனை அப்படித்தான் பறிகொடுத்தாள்.

வாசலில் பேரைப் பதிந்துவிட்டு, குப்பம்மாள் வனராணிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லா கீறியா கண்ணு?"

"சௌக்கியம். ஒங்க மனு முடிஞ்சிப் போச்சி, கவலப்படாம போய்ட்டு வாங்க."

"அதுக்குள்ளயா?" என்று குப்பம்மாள் பின்னால் நின்ற கோபாலைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள முடிச்சிட்டியேப்பா."

கோபால் வாயைத் திறக்கவில்லை. அவள் எழுந்து போனாள். அவனும் வெளிவாசல்வரை போனான். வாசலுக்கு வெளியே பேசத் தடை இல்லை. அத்தே, ஒண்ணும் ஆவல, திரும்பி வா, நேரா விஷயத்த சொல்லு என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அப்போது உள்ளேயிருந்து அருள்மணி கூப்பிட்டார்.

"கோபால், ஆய்வுக்கு ஆள் வர்றாங்க. அந்த முந்தானைய பாருங்க, தொங்குது. உங்க நிரந்தர விஷயமா இன்னிக்கு பேசப்போறேன்."

கோபால் திரும்பி உள்ளே போனான். சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். முந்தானையை ஒழுங்காகத்தான் மடித்தான்.

சாயங்காலம் குப்பம்மாள் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். கோபாலை இழுத்துவந்து உட்காரவைத்தாள். சிவசங்கரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, நான் நர்ஸ் ஆயி வந்தா மொத ஊசி ஒனக்குதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோபாலும் சிரித்தான். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்தான். இலையில் இன்னொரு துண்டு விழுந்தது. அதையும் தின்றான். பாவி, தின்றுவிட்டுச் சொல்லாமல் வந்தான். இவளுக்குத் தெரிவதற்குள் நாமே சரிசெய்துவிடுவோம் என்று அப்போது முடிவெடுத்தான். தப்பு செய்தவன் எல்லோரும் எடுக்கிற முடிவுதான்.

மறுநாள் அருள்மணியின் அறைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று விஷயத்தைச் சொன்னான். அருள்மணி பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"கோபால், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. அந்தம்மாவுக்குச் சான்றிதழ் வரல. ஆனா மனு முடிஞ்சிடுச்சு. இதுல எது முக்கியம்னு பாக்கணும். சான்றிதழ் ஒரு குடும்பத்துக்கு. முடிஞ்ச மனு நாட்டுக்கே கணக்கு. முடிஞ்சத நான் தெறந்தா, மத்ததெல்லாம் முடிஞ்சதான்னு ஒருத்தன் கேப்பான். அப்புறம் இந்தக் கேடயத்தையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"புது மனுவா குடுக்கலாமா சார்?"

"தாராளமா. வனராணிகிட்ட யார் வேணும்னாலும் குடுக்கலாம். நீங்க மட்டும் குடுக்க முடியாது. உங்க குரலக் கேட்டா, தானே பேசறதா அது நெனச்சுக்கும்."

கோபால் செந்தாமரையைப் பிடித்தான். குப்பம்மாள் பேரைச் சொல்லி, சான்றிதழ் வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்க வேண்டும், வேறு ஒரு சொல் பேசக்கூடாது என்று வெளியே நிற்கவைத்துப் பாடம் நடத்தினான். செந்தாமரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே போய் வனராணிக்கு முன்னால் உட்கார்ந்ததும், "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்றாள்.

மனு முடிந்துபோய்விட்டது.

"ஏன் அக்கா இப்படி பண்ண?" என்று வெளியே வந்து கோபால் தலையில் அடித்துக்கொண்டான்.

"எப்படிடா எடுத்தவொடனே கேக்கறது? எந்திரம்னாலும் பொம்பள உருவம்டா. மனசு வரல."

மறுபடி அனுப்பினான். இந்த முறை செந்தாமரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "குப்பம்மாளுக்கு சாதி சர்டிபிகேட்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வனராணி கொஞ்சம் யோசித்தது. "குப்பம்மாள் மனு ஏற்கெனவே முடிஞ்சிப் போச்சி, கவலப்படாம போய்ட்டு வாங்க" என்றது. கோபால் தன் குரலைக் கேட்டு நின்றான். பிறர் குரலாக இருந்தால் ஒரு வசவாவது வைதிருக்கலாம்.

அந்த வாரமே வாரியத் தலைவர் வந்தார். கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருந்தது. அவரிடம் சொல்லிவிட்டால் ஒரே கையெழுத்தில் முடியும் என்று கோபால் நம்பினான். பெரிய இடத்தில் இரக்கம் இருக்கும் என்பது சின்ன இடத்தில் உள்ளவர்களின் கணக்கு.

தலைவர் இரும்புக் கைக்கு முன்னால் குனிந்தார். பொன்னாடை விழுந்தது, முறுக்கும் விழுந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தபடியே மைக்கைப் பிடித்தார்.

"மலைவாழ் பெருமக்களே, ரோபோ என்றால் என்ன? சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. ஏன் என்று மேலிடத்தைக் கேட்காது. எதிரில் நிற்பவர் அழுதாலும் அதன் குரல் மாறாது. இப்படி ஓர் ஊழியரை உருவாக்க விஞ்ஞானிகள் எத்தனையோ காலம் பாடுபட்டார்கள். ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டிருந்தால், எங்கள் அலுவலகத்திலேயே காட்டியிருப்போம். பணியில் சேர்ந்த நாள்முதல் நானே அப்படித்தான் இருந்துவருகிறேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். அருள்மணி எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்து எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினார்.

கோபால் வனராணிக்குப் பின்னால், முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தான். நினைத்தவுடன், போகாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். இரண்டுக்கும் நடுவில் வாய் திறந்துகொண்டது.

"குப்பம்மா அத்தைக்கு சர்டிபிகேட்டு வரல சார். முடிஞ்சிப் போச்சின்னு நான் சொன்னது பொய்யி. தப்பு என்னுதுதான். அந்தப் பொண்ணு படிக்கணும் சார். தயவுபண்ணி குடுத்துடுங்க."

எல்லோரும் வனராணியைப் பார்த்தார்கள். அந்தக் குரலைக் கேட்டால் தானே பேசுவதாக நினைத்து அது வாயசைக்கும் அல்லவா, அட்சரம் பிசகாமல் அசைத்திருந்தது. கண்ணையும் இரண்டு முறை மூடித் திறந்தது.

தலைவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீர்களா? இந்த எந்திரம் தன் தவறைத் தானே ஒப்புக்கொள்கிறது. கையுள்ள ரோபோ உண்டு, பறக்கும் ரோபோ உண்டு, நீந்தும் ரோபோ உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ரோபோ என்ற வகை இன்று இந்த மலையில் பிறந்திருக்கிறது. மனிதர்களால் முடியாத வேலையைச் செய்வதற்குத்தான் ரோபோ என்பார்கள். எங்கள் துறையில் இதுவரை ஒருவராலும் முடியாத வேலை இது."

கோபால் முன்னால் ஓடிவந்தான். "நான்தான் சார் பேசனது."

வனராணியும் கூடவே வாயசைத்தது.

"யார் இவர்?" என்று தலைவர் கேட்டார்.

"துணைவர் சார்," என்றார் அருள்மணி. "எந்திரத்தோட ரொம்ப ஒன்றிப்போயிட்டார்."

தலைவர் கோபாலின் தோளைத் தட்டிக்கொடுத்தார். இப்படிப்பட்ட அர்ப்பணிப்பு உள்ளவரை நிரந்தரமாக்க வேண்டாமா என்று அந்த மேடையிலேயே உத்தரவு போட்டார். வனராணி இனி எல்லா மனுதாரரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் இன்னொரு உத்தரவு போட்டார்.

மறுநாள் கோபாலை மறுபடியும் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள்.

"நீதான் பேசனன்னு எனக்குத் தெரியும்ணா," என்றான் சதீஸ்குமார். "ஆனா தலைவரு அது வனராணின்னு சொல்லிட்டாரு. இனிமே அது வனராணிதான்."

"சர்டிபிகேட்டு இன்னா ஆச்சி?" என்று கோபால், வாசலில் நின்ற அருள்மணியைக் கேட்டான்.

"சான்றிதழ் வேற பிரிவு கோபால். நமக்கு நிதி ஒதுக்கினது மன்னிப்பு வரைக்கும்தான். நல்லா உணர்ச்சியோட சொல்லுங்க. மக்கள் மனசு கரையணும்."

உணர்ச்சியை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. கோபால் கண்ணை மூடினான். குப்பம்மாளின் கலங்கிய கண்ணும், இலையில் விழுந்த துண்டும், மொத ஊசி ஒனக்குதான் என்ற சிரிப்பும் வந்தன. "மன்னிச்சிடுங்க. தப்பு என்னுதுதான். ஒங்க மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல" என்றான். குரல் உடைந்து அழுதுவிட்டான்.

"சூப்பர்ணா," என்றான் சதீஸ்குமார். "ஒரே தடவையில ஓக்கே."

அன்று மத்தியானத்திலிருந்து வனராணி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தது. கரண்டு கேட்டு வந்தவனிடம் தொண்டை கம்ம மன்னிப்புக் கேட்டது. ஆட்டுக் கொட்டகை கேட்டு வந்தவளிடம் கேட்டது. போளூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வந்த வெளியூர்க்காரர், தன் மூஞ்சியில் முழிக்க யோக்கியதை இல்லை என்று ஒரு பெண் உருவம் ஆம்பிளைக் குரலில் அழுததைப் பார்த்துப் பயந்து, நடந்தே மலையிறங்கினார். கரையும் மனசுகள் முதல் இரண்டு நாள் கரைந்தன. பிறகு வரிசையில் நின்றவர்களே, "அழுவறது முடியட்டும், அப்பால பேசு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

குப்பம்மாளிடம் கோபால் அப்போதும் சொல்லவில்லை. நிரந்தர உத்தரவு கைக்கு வந்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் வீட்டு வழியை விட்டுச் சுற்றுவழியில் போய் வந்தான்.

கலந்தாய்வுக்குத் தாயும் மகளும் மலையிறங்கிப் போனார்கள். சான்றிதழ் எங்கே என்று அங்கே கேட்டார்கள். முடிஞ்சிப் போச்சி என்று சொன்னார்களே என்று குப்பம்மாள் சொன்னாள். முடிந்தது எங்கே என்று கேட்டார்கள். சீட்டு அடுத்த பெயருக்குப் போனது. அங்கிருந்து நேராக இருவரும் மனு மையத்துக்கு வந்தார்கள். இந்த முறை குப்பம்மாள் வனராணியிடம் சௌக்கியம் விசாரிக்கவில்லை.

"எம் பொண்ணு படிப்பு போச்சி," என்றாள்.

"மன்னிச்சிடுங்க. தப்பு என்னுதுதான். ஒங்க மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல," என்று கோபாலின் குரல் அழுதது.

கோபால் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தலையைக் குனிந்து முந்தானையையே பார்த்தான். சிவசங்கரி அவனைப் பார்த்தாளா என்று அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சிவசங்கரி ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி தாங்காது என்று கோபால் மேல்வீட்டுக்கு ஏறினான். வனராணி அழுததெல்லாம் கணக்கில் சேராது, நாமே நேரில் போய், நம் வாயால் கேட்க வேண்டும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தான். நல்ல பகல் வெளிச்சம். குப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்லின்மேல் போன் கிடந்தது. சத்தமாகப் போட்டிருந்தாள். சிவசங்கரி பேசிக்கொண்டிருந்தாள்.

"பெரிய எந்திரக் கைம்மா. ஒரு செகண்டு நிக்காது. நான் பக்கத்துல நின்னு அதுக்கு ஸ்குரு எடுத்து வெச்சிக்கினே இருக்கணும். ஒண்ணுக்குப் போவணும்னாகூட அத நிறுத்த சொல்லி கேக்கணும்."

குப்பம்மாள் கோபாலைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. நெஞ்சில் இருந்தது அந்த மூன்று வரிதான்.

"மன்னிச்சிடு அத்தே," என்றான். "தப்பு என்னுதுதான். ஒன் மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

குப்பம்மாள் ஒரு புளியைப் பிளந்து கொட்டையை எடுத்துப் போட்டாள். போனில் பேச்சு நின்றது.

"யாரும்மா அங்க?" என்று சிவசங்கரி கேட்டாள். "மறுபடியும் அந்த எந்திரத்துகிட்ட போய் நிக்கிறியா?"

கோபால் குப்பம்மாளின் முகத்தைப் பார்த்தான். இல்லை, கோபால் வந்திருக்கிறான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தான். அவள் அவனை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள்.

"ஆமாண்டி," என்றாள். "அதுதான் பேசுது. நீ சொல்லு."